ஒரே லென்ஸ், இரண்டு முறை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் எந்நேரமும் அந்தி சாய்கிற வேளைதான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றினாலும், கனத்த திரையை இழுத்துவிட்டால் உள்ளே அரை இருட்டு. ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் லென்ஸ் பெட்டி, எதிர்ச்சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. எழுத்துகள் மட்டும் இருட்டில் மிதந்துகொண்டிருக்கும். பதினேழு வருடங்களாக அங்கே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இது தெளிவா, இல்ல, இது தெளிவா?"

கேள்வி என்னவோ அவ்வளவுதான். பதில் சொல்வதற்குள் ஆளாளுக்குப் படும் பாடு இருக்கிறதே! நீதிமன்றத்தையே அதிரவைக்கும் வக்கீலுக்கு இங்கே உள்ளங்கை வியர்த்துவிடும். சிலர் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், விடை என் நெற்றியில் ஒட்டியிருக்கிற மாதிரி. "இன்னொரு வாட்டி காட்டுங்க" என்று ஏழு முறை கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பதில் சொன்ன பெண்மணியும் உண்டு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சோதனையின் நடுவில் ஒரே லென்ஸை இரண்டு முறை காட்டுவேன். "இது முதலாவது" என்பேன். எடுப்பேன், பெட்டிக்குள் கடகடவென்று துழாவுவேன், அதே லென்ஸைத் திரும்பச் செருகுவேன். "இது ரெண்டாவது." பத்தில் ஒன்பது பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாவதுதான் நல்லா இருக்கு" என்பார்கள். சிலர் "பளிச்சுன்னு இருக்கு" என்று நற்சான்றே கொடுப்பார்கள். இல்லாத வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்காமல் நாற்காலியை விட்டு எழ அவர்களுக்கு மனம் வராது. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" என்கிறவர் அபூர்வம். ஒரு பழைய குறிப்பேட்டில் இரண்டு பத்தி பிரித்து, ஆளுக்கொரு கோடு போட்டு எண்ணி வந்தேன். இடது பத்தி பக்கம் பக்கமாக நிரம்பிப் போனது. இரண்டும் ஒன்றுதான் என்றவர்களுக்கான வலது பத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கோடுகள்.

இதனால் எனக்கு மனிதர்கள்மேல் ஓர் இளக்காரம் வந்துவிட்டது, மறைப்பானேன். அக்கா பார்த்து வைத்த மாப்பிள்ளை ஒருவர் கண் காட்டும் சாக்கில் கடைக்கு வந்தார். "ரெண்டாவது எவ்வளவோ தேவலைங்க, மொதல்ல காட்டினது ரொம்ப மோசம்" என்றார். அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு லென்ஸ வெச்சு ஆள எடை போடுவியாடி?" என்று அக்கா கத்தினாள். அக்கா ஆடைத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறவள். கழுத்தில் டேப் இல்லாமல் அவளை நான் பார்த்தது குறைவு. அத்தான் இறந்த பிறகு அவளும் நானும்தான் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். "நம்ம வீட்டு நீதிபதியம்மாவுக்கு விசாரணையே வேண்டாம், எடுத்த எடுப்புல தீர்ப்புதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்படியே எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

டைல்ஸ்காரர் வந்தது ஒரு மழைப் பிற்பகலில். வயது நாற்பத்தெட்டு. முழங்காலில் சிமெண்டு காய்ந்து இறுகிய கால்சட்டை. குடையை வெளியிலேயே உதறிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "கிட்டத்துல இருக்கறது மங்கலா தெரியுதுங்க மேடம், பாத்து ஒரு கண்ணாடி குடுங்க" என்றார்.

இடது கண் கடைசி வரி வரை கடகடவென்று படித்தது. வலது கண் கடைசி இரண்டு வரிகளில் தடுமாறியது. லென்ஸைச் செருகி என் வித்தையைக் காட்டினேன். முதலாவது. பெட்டிக்குள் சத்தம். இரண்டாவது.

அவர் அவசரப்படவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார்.

"நல்லா பாத்து சொல்லுங்க."

"பாத்துட்டேங்க. இருக்கறதத்தானே சொல்ல முடியும்?"

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கதவு மெல்லத் திறந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். அடுத்து உண்மையாகவே வேறு லென்ஸை வைத்தேன். அதற்கும் "ஒண்ணுதான்" என்றார். சின்ன வித்தியாசம்தானே, தெரியாமல் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை உண்டு. பெட்டியின் மூலையில் ஒரு கறுப்பு வட்டு கிடக்கும், நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டை. அதன் வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். தெளியாவிட்டால் கோளாறு கண்ணுக்குள்ளே இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் வட்டைத் தொடவில்லை. வயதாகிறது, சிமெண்டுத் தூசி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். அவர் போனதும் குறிப்பேட்டைத் திறந்து வலது பத்தியில் ஒரு கோடு போட்டேன். மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் நீளமாகவே போட்டேன்.

கண்ணாடி வாங்க வந்தார். அடுத்த வாரம், திருகு தளர்ந்துவிட்டது என்று வந்தார். திருகு தளர்ந்தே இருக்கவில்லை. நானும் அதை இறுக்குவதுபோல் ஐந்து நிமிடம் பாவனை செய்தேன். பிறகு சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. வேலை முடிந்து போகும் வழியில் நுழைவார், முதலாளி கல்லாவிலிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பார், நாங்கள் பின்னறை வாசலில் நின்று தேநீர் குடிப்போம். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு எல்லாமே திரைக்குப் பின்னால் நடந்ததுபோல்தான் இருக்கிறது. மழை, தேநீர் ஆவி, இருட்டில் மிதக்கும் எழுத்துகள், அவருடைய தாழ்ந்த குரல்.

வேலையைப் பற்றித்தான் பேசுவார். மற்றவர்கள் நூல் பிடித்து டைல்ஸ் ஒட்டுவார்களாம், இவர் பிடிக்க மாட்டார். மூலையில் முழங்காலிட்டு இடது கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தரையாக ஒரு பார்வை, அவ்வளவுதான். "நூல் பிடிக்கறதெல்லாம் கண்ணை நம்பாதவன் வேலைங்க" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

"இப்பல்லாம் ஒருத்தனும் சுவர நேரா கட்டறதில்லங்க" என்றார் ஒருநாள், இடது கண்ணை மூடிக்கொண்டு. "உங்க கடை கதவு நிலையவே பாருங்க, நடுவுல இடுப்பு ஒடிஞ்சு நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். நிலை நேராகத்தான் நின்றது. இந்த மனிதர் பார்க்கிற மாதிரி உலகத்தை யாருமே பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடமும் சொன்னேன். "நேர்கோடெல்லாம் அவருக்குத் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளிஞ்சு தெரியுதாம்க்கா."

அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தண்ணி போடுவாரா?" என்றாள்.

எது நடந்தாலும் அவருக்குச் சாதகமாகவே எழுதிக்கொண்டேன். தாமதமாக வந்தால் நிதானமானவர். பேசாமல் இருந்தால் ஆழமானவர். ஒருமுறை தேநீர்க் கோப்பையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்துக் கீழே போட்டு உடைத்துவிட்டார். பாவம், குழந்தை மாதிரி என்று உருகிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்கினேன். கண் பார்த்துப் பிழைக்கிறவள் நான்!

ஐந்தாவது மாதம் கேட்டுவிட்டார். "சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க எனக்கு. தனியா சமைச்சு தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு. நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

மனசுக்குள் சரி என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஒரு கெத்து வேண்டாமா? "ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன்.

"மொதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றாள் அக்கா. வந்தார். எங்கள் சமையலறையில் தரை பெயர்ந்து கிடப்பதைப் பார்த்தார். "இத நான் போட்டுத் தரேன்" என்று அடுத்த இரண்டு நாளில் வெளிர் சாம்பல் நிறத்தில் சதுரச் சதுரமாக ஒட்டி முடித்துவிட்டார். புதுத் தரையில் வெறுங்காலோடு நின்றபோது இதுதான் இனி என் வாழ்க்கை என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து டேப்பை விரித்திருந்தாள். "இங்க வாடி நீதிபதி."

சுவரோரமாகப் போன இடைவெளி வாசலில் ஒரு விரல் அகலம். ஜன்னலடியில் நாலு விரல். நடுவில் கோடுகள் ஓரிடத்தில் மெல்ல விலகிப் போய்த் திரும்பி வந்தன. ஒருமுறை கண்ணில் பட்டதும் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"அக்கறை இல்லாத ஆளு" என்றாள் அக்கா. "ஓசி வேலைதானேன்னு ஏனோதானோன்னு போட்டுட்டுப் போயிட்டாரு. இவரையா கட்டிக்கப் போற?"

அவர் அன்று காலை வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். அக்கா தரையைக் காட்டினாள். அவர் வழக்கம்போல மூலையில் முழங்காலிட்டார், இடது கண்ணை மூடினார், பார்த்தார். "நேராத்தானே இருக்கு?" என்றார்.

அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மூடியிருப்பது இடது கண். பார்த்துக்கொண்டிருப்பது வலது. இடுப்பு ஒடிந்த கதவு நிலை, விளிம்பைத் தாண்டிய கோப்பை, கடைசி இரண்டு வரிகள், இரண்டும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். ஐந்து மாதமாக நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த சாட்சிகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து போய் எதிர்த்தரப்பில் நின்றுகொண்டன.

"அப்படியே இருங்க" என்றேன். "இடது கண்ண கையால மூடிக்குங்க. ஜன்னல் கம்பிய பாருங்க. எப்படித் தெரியுது?"

"நடுக் கம்பி வளைஞ்சிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஒரு இடத்துல அழிஞ்சாப்ல இருக்கு" என்றார்.

"இப்ப வலது கண்ண மூடுங்க."

இந்தக் கண், அந்தக் கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். பிறகு இடது கண்ணால் மட்டும் தரையைப் பார்த்தார். கோடு எங்கே விலகியதோ அங்கே கையை வைத்துத் தடவினார். "இத நானா போட்டேன்?" என்றார். கேட்கச் சகிக்கவில்லை எனக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரி. விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிந்து நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. கொஞ்சம் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாது, மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம். "கடைசியா எப்ப கண் செக் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு மாசம் இருக்கும்ங்க."

"அப்பவே யாராவது கவனிச்சிருந்தா இந்தத் தழும்பு இருந்திருக்காது."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் கூசியது அவருக்கு. பொய் சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இருந்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே லென்ஸை இரண்டு முறை காட்டியதை, குறிப்பேட்டை, தொடாமல் விட்ட கறுப்பு வட்டை.

"ஏன் வெக்கல அத?"

"நீங்க ஒண்ணுதான்னு சொன்னீங்க. அந்த நிமிஷமே எனக்கு உங்களப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சதும் சோதனைய நிறுத்திட்டேன்."

ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் தரையிலும் டைல்ஸ்தான். "எனக்கு வேற எந்த லென்ஸ வெச்சிருந்தாலும் ஒண்ணாத்தாங்க தெரிஞ்சிருக்கும்" என்றார். "நீங்க என்னைய பாக்கவே இல்ல. உங்களுக்கு வேண்டிய ஒரு ஆளப் பாத்துட்டு இருந்திருக்கீங்க. எனக்குக் கண்ணுதாங்க சோறு." எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்விட்டார். பின்னால் ஓடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு கடைக்கு யார் வந்தாலும் முதலில் கறுப்பு வட்டுதான். முதலாளி "கூட்டம் நிக்குதும்மா" என்று முணுமுணுப்பார், நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். குறிப்பேட்டை இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டேன். மதிய வேளைகளில் ஆளில்லாதபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தால், எங்கள் சமையலறைத் தரை தண்ணீராக அசையும். சதுரங்கள் ஒவ்வொன்றாக மிதந்து விலகும். அவர் நடுவில் முழங்காலிட்டு அவற்றைப் பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் உதவ நினைப்பேன், கால் நகராது.

நான் எதிர்பார்க்காதது அக்கா செய்தது. இரண்டாவது ஊசிக்கு அவள்தான் கூடப் போனாள். "ஒரு கண்ண கட்டி அனுப்பறாங்க, ரோட்ட யாரு தாண்ட வைக்கறது? நீ போனா அவரு பேச மாட்டாரு, நான் போறேன்" என்றாள். தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு முறைத்தாள். "இருக்கட்டும். அக்கறை இல்லாத ஆளுன்னு அரை நொடியில சொன்னவ நான்தான். அதுல நடக்கறப்பல்லாம் எனக்கு உறைக்கணும்." மூன்றாவது ஊசிக்குப் போய்விட்டு வந்து இன்னொன்றும் சொன்னாள். "இப்ப நூல் பிடிச்சுத்தான் வேலை செய்யறாராம்டி."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாலாவது மாதம், மறுபடி ஒரு மழைப் பிற்பகல். வாசலில் குடை உதறும் சத்தம் கேட்டது. "புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று டாக்டரின் சீட்டை நீட்டினார். அந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரையை இழுத்தேன். இடது கண்ணை முடித்தேன். வலது கண்ணுக்கு முதலில் கறுப்பு வட்டு. பிறகு எழுத்துகள். மெதுவாக, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினார். போன முறை தடுமாறிய இடத்தில் நின்றார், மூச்சு விட்டுக்கொண்டார், அந்த வரியைப் படித்தார். கடைசி வரி வரவில்லை. அது இனி வராது. டாக்டரம்மா சொன்ன தழும்பு அங்கேதான் இருக்கிறது.

என் கை ஏன் அப்படிச் செய்தது என்று தெரியவில்லை. லென்ஸைச் செருகினேன். "இது முதலாவது." எடுத்தேன். பெட்டிக்குள் துழாவினேன். அதையே செருகினேன். "இது ரெண்டாவது."

மழை கூரையில் கொட்டியது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டாவதுதாங்க நல்லா இருக்கு" என்றார். "கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு."

பத்தில் ஒன்பது பேர் சொல்கிற பதில். பதினேழு வருடமாக நான் உள்ளுக்குள் சிரித்துத் தள்ளிய பதில். இருட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். முன்பு எதை வைத்தாலும் ஒன்றாகவே தெரிந்த கண் அது. இப்போது அதற்கு எழுத்து தெரிகிறது, எது மேல் என்று தேடிப் பார்க்கிற ஆசை வந்திருக்கிறது. இவ்வளவு நல்ல தப்பை நான் கேட்டதே இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்துவிட்டேன்.

"ஏங்க, தப்பா சொல்லிட்டேனா?"

"தப்புதான். ரெண்டும் ஒரே லென்ஸ்."

இருட்டில் அவர் சிரிப்பது கேட்டது. "உங்க அக்கா சொன்னாங்க. இதே பதிலச் சொன்ன மாப்பிள்ளைய நீங்க திருப்பி அனுப்பிட்டீங்களாமே. அப்ப நானும் கெளம்ப வேண்டியதுதானா?"

இழுப்பறையின் அடியிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். வலது பத்தியில் நீளமாக நின்ற அந்தக் கோட்டை அடித்தேன். இடது பத்தியில் ஒரு கோடு போட்டேன், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவில். பலகையின் வெளிச்சத்தில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் டைம் கேட்டீங்க" என்றார். "நாலு மாசம் ஆச்சு."

"சரின்னுதான் சொல்லப்போறேன்" என்றேன். "ஆனா சோதனை இன்னும் முடியல. அசையாம உக்காருங்க."

அடுத்த லென்ஸை எடுத்து, துடைத்து, அவர் கண்முன் செருகினேன்.

"இது தெளிவா, இல்ல, இது தெளிவா?"